பூனைவணங்கி

குப்பைமேனி ஐந்நூறு கிராம்.
நிழலில் ஏழு நாள் உலர்ந்தபின் எழுபத்தெட்டு.
எதனோலில் ஊறி, வடிந்து, வற்றி
கிண்ணத்தின் அடியில் மிஞ்சியது
தார் போல ஒரு கரும்பச்சை.
சுரண்டினால் ஒரு தேக்கரண்டி வராது.

அறிவியல்நகரில் மத்தியானம்.
கரண்ட் இருமுறை போய் வந்துவிட்டது.
அடைகாப்பியின் கதவைத் திறக்காதே என்று
எனக்கு நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.
உள்ளே முப்பத்தேழு பாகை,
காய்ச்சலற்ற ஓர் உடம்பின் சூடு.

ஏகர் தட்டில் துளைத்து
சாற்றை ஊற்றும் குழிக்கு
எங்கள் குறிப்பேட்டில் கிணறு என்று பெயர்.
குறுக்கே ஆறு மில்லிமீற்றர்.
மீளக் குடியேறிய வருடம்
இறைக்கப் பயந்து எட்டிப் பார்த்த கிணறுகள் போலில்லை,
இதற்குள் என்ன கிடக்கிறதென்று
எனக்குத் தெரியும். ஊற்றியது நான்.

முதலில் பழக்கப்பட்ட கிருமி.
குளிர்ப்பெட்டியில் வளர்ந்த, ஒருவரையும் கடித்தறியாத
இலக்கமிட்ட பற்றீரியா.
விடிய வந்து பார்த்தேன்:
கிணற்றைச் சுற்றித் தெளிந்த வட்டம்.
விளிம்பில் அவை,
சிவப்புத் தடி நட்ட எல்லையில் நிற்கும் சனம் போல
ஓரடி உள்ளே வைக்காமல்.
அடிமட்டம் வைத்தேன்.
ஆருமில்லாத அறையில்
"பதினாறு" என்று உரத்துச் சொன்னேன்.

பிறகு யோகமலரின் கிருமி.

உடையார்கட்டிலிருந்து, பரந்தனில் இறங்கி மாறி
கிளினிக் நாள்களில் வருகிறவர்.
இடது முழங்காலுக்குக் கீழே மாத்தளனில் ஏறிய இரும்பு,
எடுத்தது பாதி, எடுக்காதது பாதி.
மாரிக்கு மாரி வாய் திறந்து சீழ் வடிக்கும்.
"குளிசை போட்டால் மூடும்,
குளிசை முடிய முழிக்கும்" என்பார்.
செடியும் அவர் கொண்டு வந்ததுதான்:
ஆட்டுக்கொட்டிலின் பின்புறம் வேரோடு பிடுங்கி
யூரியாப் பையில்.

அவருடைய தட்டில்
வட்டம் இல்லை.
கிணற்றின் வாய்வரை வளர்ந்து
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.
செறிவைக் கூட்டினேன். நாயுருவி வைத்தேன்.
மருதம்பட்டை ஒன்பது காட்டியது,
அதில் ஆறு கிணறே.
ஆஸ்பத்திரி மருந்தின் வில்லையைச் சுற்றியும்
புல்லுத்தரை மாதிரிப் படர்ந்திருந்தது.

எப்படிச் சொல்வதென்று
ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு:
"என்ர கிருமியை ஒருக்காக் காட்டுங்கோ பிள்ளை."

மூடி திறக்காமல் யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
நீலமும் பச்சையும் ஊறிய தட்டு.
கன நேரம் பார்த்தார்.
"இந்த நிறத்தில ஒரு சீலை தேடித் திரிஞ்சனான்."
பிறகு,
"எல்லாத்துக்கும் தப்பி வந்திருக்குது" என்றார்.
கோபமா மதிப்பா, பிரித்தறிய முடியவில்லை.
"வந்து, என்னைப் போய் வீடெண்டு பிடிச்சிருக்குது."

இலையைப் புண்ணுக்குள் வைக்காதேங்கோ,
மிச்ச இரும்பை எடுத்தாத்தான் மாறுமாம்,
யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தாறாராம் டொக்டர்
என்று என் வசனத்தை ஒருவாறு முடித்தேன்.
"அப்ப இலைக்கு ஒண்டும் தெரியாதோ?"
தெரியும் அக்கா.
தட்டில வளந்ததைக் கொல்லத் தெரியும்.

தட்டுகளை அழுத்தக்கலனில் அடுக்கினேன்.
நூற்று இருபத்தொரு பாகை, பதினைந்து நிமிடம்.
அந்தச் சூட்டுக்கு இவை இன்னும் பழகவில்லை.
ஆனால் அதற்குள்
ஒரு காலை வைக்க முடியாது.

வெளியே, மிச்ச வேர்களைக் கொட்டிய இடத்தில்
காவலாளியின் மஞ்சள் பூனை
முகத்தைத் தேய்த்து, மல்லாந்து, உருண்டு
வெறி ஏறிக் கிடந்தது.
யோகமலர் செருப்பைக் கழற்றிவிட்டு
கட்டுப் போட்ட காலை நீட்டிப் படியில் இருந்தார்.
"அதுக்கு வேலை செய்யுது" என்றார்.

பஸ் மூன்றேகாலுக்கு.
இன்னும் நேரம் இருந்தது.